விரதச் சாப்பாட்டில் நெய்

அழாத பெண்டாட்டியை நம் ஊரில் யாருக்கும் பிடிக்காது. எத்தியோப்பியக்காரர்களுக்கும் பிடிக்காது என்பதைப் போன வருஷம் தெரிந்துகொண்டேன்.

என் புருஷன் பெயர் தாவித். அடிஸ் அபாபாவில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் அக்கா ஹிருத்தின் கையைப் பிடித்துக்கொண்டு டெக்ஸாஸ் வந்து இறங்கினான். வளர்த்தது, படிக்க வைத்தது எல்லாம் அவள்தான். நான் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. ரிச்சர்ட்சனில் எம்.எஸ். படிக்க வந்த இடத்தில் ஒரே லேபில் பழக்கமாகி, கல்யாணம் செய்து, தென்றல் பிறந்து, பதினொரு வருஷம் ஓடியது. போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் பார்க்கிங்கில் கார் கதவைத் திறந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். நாற்பத்து மூன்று வயது. ஹார்ட் அட்டாக் என்றார்கள்.

அவர்கள் சர்ச்சில் அடக்கம். பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவன் பெயரைச் சொல்லி, அவன் சின்ன வயதில் செய்த சேட்டைகளைச் சொல்லி, பாட்டாகவே அழுதார்கள். நம் பக்கத்து ஒப்பாரிதான், பாஷைதான் வேறு. நான் கறுப்புப் புடவையில் நட்டு வைத்த கம்பம்போல் நின்றேன். கண்ணீர் வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அப்போது என் கையிலிருந்த தாவித்தின் போன் அடித்தது. தென்றலின் பல் டாக்டர் ஆபீஸ். மறுநாள் அப்பாயின்ட்மென்டை உறுதி செய்யக் கூப்பிட்டார்கள். நான் எடுத்துப் பேசினேன். வேறு நாள் கேட்டேன். வியாழக்கிழமை நாலு மணி சரியா என்றார்கள், சரி என்றேன். போன் அடித்தது, எடுத்தேன். பேசி முடித்துத் திரும்பினால் ஹிருத் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"என் தம்பியை மண்ணுக்குள் இறக்குகிறார்கள். நீ போன் பேசுகிறாய்," என்றாள் ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி.

அதற்குப் பிறகு அவள் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. நாற்பதாம் நாள் பிரார்த்தனையை சர்ச் ஹாலிலேயே செய்தார்கள். போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஹிருத் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தட்டை நீட்டினாள். அவ்வளவுதான் உறவு.

எனக்கு அதுவும் ஒன்றும் செய்யவில்லை, அதுதான் உண்மை. அந்த ஒரு வருஷம் முழுவதும் நான் வேலைக்குப் போனேன், தென்றலை ஸ்கூலில் விட்டேன், வரி கட்டினேன், டிரையரில் துணியைப் போட்டு எடுத்தேன். யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "ஃபைன்" என்றேன். பொய் இல்லை. பல்லைப் பிடுங்கும்முன் ஊசி போட்ட தாடை ஃபைனாகத்தானே இருக்கும். சாப்பாடு மட்டும் வாயில் அட்டைப் பெட்டியைப் போட்டு மென்றதுபோல் இருந்தது. ரசமும் அதேதான், ஐஸ்க்ரீமும் அதேதான். கோபியிலிருந்து வந்து இரண்டு மாதம் இருந்த அம்மா, "அழுதுடு கண்ணு, அழுதுட்டா செரியாப் போயிரும்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவளே அழுதுகொண்டு பிளேன் ஏறினாள்.

இந்த ஜனவரியில் காரில் வரும்போது தென்றல் பின் ஸீட்டிலிருந்து கேட்டாள்.

"மாம், டிட் ஹிருத் அத்தை டை டூ?"

ஒன்பது வயதுக் குழந்தை. நக்கலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பார்த்த அத்தை, தலை பின்னிவிட்ட அத்தை, அப்பாவோடு சேர்ந்தே காணாமல் போய்விட்டாள். அப்புறம் குழந்தை வேறு என்ன நினைக்கும்?

"இல்ல தங்கம். அத்தை நல்லா இருக்காங்க."

"தென் ஒய் டஸ்ன்ட் ஷீ கம்?"

ஒரு முகம் மட்டும்தான் அப்பா ஜாடையில் இவளுக்கு மிச்சம். அதையும் நான் பல் டாக்டர் ஆபீஸுக்காகத் தொலைத்துவிட்டேன். இதற்குமேல் விட்டால் என் மகளுக்கு அப்பா வழி என்று ஒன்று இருக்காது என்பது மட்டும் உறைத்தது. வேறு எதுவும் உறைக்காத மண்டையில் அதுவாவது உறைத்ததே.

அன்றைக்கே ஹிருத்துக்குப் போன் செய்தேன். "வருஷ நினைவுச் சாப்பாட்டை நான் என் வீட்டில் செய்கிறேன். எல்லோரும் வர வேண்டும்."

"யார் சமைப்பது?" என்றாள்.

"நான்தான்."

"உனக்குத் தெரியாது. அவன்தானே சமைப்பான்."

"பதினொரு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்."

"அது நோன்பு நேரம். தெரியுமா?"

"தெரியும்," என்றேன். தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"பன்னிரண்டு பேர் வருவோம்," என்று வைத்துவிட்டாள். வருவோம் என்று அவள் சொன்ன தொனியில், இது ஒரு தடவைதான் என்பதும் இருந்தது.

மார்ச்சில், நினைவுச் சாப்பாட்டுக்குக் குறித்த சனிக்கிழமை விடிந்ததும் அடுப்பைப் பற்ற வைத்தேன். மைசூர்ப் பருப்பில் மிசிர், கடலை மாவில் ஷிரோ, ஒரு கீரை, முட்டைக்கோஸ் கேரட். நான்குக்கும் அடிப்படை வெங்காயம்தான். எண்ணெய் விடாமல், வெறும் சட்டியில், மணிக்கணக்காகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை வாசனை போய், நிறம் மாறி, அல்வா பதத்துக்குச் சுருண்டு வந்தபிறகுதான் பெர்பெரே என்கிற மிளகாய்ப்பொடி விழும். தாவித் இதைச் செய்யும்போது போனை எடுக்க மாட்டான், பாட்டுகூடக் கேட்க மாட்டான். "வெங்காயத்துக்கு அவசரம் பிடிக்காது" என்பான். பன்னிரண்டு பவுண்டு வெங்காயம் நறுக்கினேன், தென்றலின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு. பாதியில் அதைக் கழற்றியும் பார்த்தேன். வெங்காயத்துக்காவது வருகிறதா பார்ப்போமே என்றுதான். எரிச்சல்தான் வந்தது.

பத்து மணிக்கு எதிர் ஃபிளாட் ராஜலக்ஷ்மி ஆன்ட்டி கதவைத் தட்டினார். மகன் வீட்டோடு இருப்பவர், மாம்பலத்துக்காரர். தாவித் போன அன்று ராத்திரி தென்றலைத் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டவர். வாய் நீளம், மனசு அதைவிட நீளம்.

"என்னம்மா கயல், வெங்காய வாசனை காரிடார் பூரா தூக்கறது?"

"தாவித்தோட வருஷ திதி ஆன்ட்டி. அவங்க ஆளுங்க எல்லாம் வராங்க."

"திதிக்குப் போய் வெங்காயமா?"

"அவங்க வழக்கம் அப்படி."

"சரி, அவாவா வழக்கம். நான்வெஜ் உண்டா?"

"இல்ல ஆன்ட்டி. அவங்களுக்கு இப்ப ஃபாஸ்டிங். ஈஸ்டர் வரைக்கும் கறி, முட்டை எதுவும் தொட மாட்டாங்க. ப்யூர் வெஜ்தான்."

"நல்லதாப் போச்சு. நெய் தாராளமா விடு. நெய் விட்டாத்தான் அன்னம் சுத்தி. அப்புறம் ஒண்ணு, ருசி பார்த்துடாதே. திதிக்குப் பண்றதை யாரும் வாயில வெக்கப்படாது."

எங்கள் பக்கம் இத்தனை சட்டம் கிடையாது. ஆனாலும் ருசி பார்க்கக் கூடாது என்றது எனக்கு வசதியாகப் போயிற்று. பார்த்தாலும் என்ன தெரியப்போகிறது.

நெய் என்றதும் ஃப்ரீசரைத் திறந்தேன். அடித்தட்டில், உறைந்த பட்டாணிப் பைக்குப் பின்னால், ஒரு ஊறுகாய் பாட்டில். தாவித் உருக்கிய நெய். நாம் நெய் உருக்கும்போது முருங்கைக்கீரை போடுகிறோம் இல்லையா, அவர்கள் இஞ்சி, பூண்டு, வெந்தயம், ஏலக்காய் மாதிரி ஒரு பெரிய காய், துளசி மாதிரி ஒரு இலை எல்லாம் போட்டு உருக்கி வடிகட்டுவார்கள். கிபே என்பான். மூடியில் டேப் ஒட்டி அவர்கள் எழுத்தில் தேதி எழுதியிருந்தான். அவன் போவதற்கு ஒன்பது நாள் முந்தைய தேதி.

ஒரு வருஷமாக அது அங்கே இருப்பது தெரியும். தொடவில்லை. பத்திரப்படுத்தினேன் என்று கதை விட மாட்டேன், தொடத் தோன்றவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்கு என்று எடுத்து வெந்நீரில் வைத்தேன். இளகியதும் மிசிரில் நாலு கரண்டி, ஷிரோவில் மூன்று, கீரையில் இரண்டு, கோஸில் மிச்சம் என்று பாட்டிலை வழித்து ஊற்றினேன். வந்தவர்கள் அவன் கையால் சாப்பிட்டதாக இருக்கட்டும். அந்த வருஷத்தில் நான் யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மூன்றரை மணிக்கு வந்தார்கள். எல்லோரும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். முன்னால் தெக்லே அங்கிள், தாவித்தின் சித்தப்பா, எழுபத்தைந்து வயது. அந்தக் குடும்பத்தில் நோன்பு, பூஜை எல்லாவற்றுக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான். கடைசியாக ஹிருத். ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தாள். தென்றல் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஹிருத் அவள் தலையைத் தடவினாள், என்னைப் பார்த்து வெறுமனே தலையசைத்தாள்.

தெக்லே அங்கிள் ஜெபம் சொன்னார். எல்லோரும் கை கழுவிக்கொண்டு, தரையில் விரித்த போர்வையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் இரண்டு பெரிய தாம்பாளம். அதில் இன்ஜெரா, அவர்களுடைய புளித்த மாவு ஆப்பம், தாம்பாளம் அளவுக்கே பெரியது. அதன்மேல் நான்கு குழம்பையும் குவித்துக் கொண்டுவந்து வைத்தேன். ஆவி பறந்தது.

ஒரு கையும் நீளவில்லை.

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். ஹிருத் குனிந்து முகர்ந்தாள்.

"இதில் கிபே இருக்கிறதா?"

"எல்லாவற்றிலும் இருக்கிறது. தாராளமாக," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஹிருத் கண்ணை மூடித் திறந்தாள். "கயல், நோன்பில் பால் கிடையாது. வெண்ணெய் கிடையாது. மிருகத்திலிருந்து வருகிற எதுவும் கிடையாது. நாங்கள் யாரும் இதைத் தொட முடியாது."

நம் விரதத்தில் வெங்காயம் ஆகாது, நெய் ஆகும். அவர்கள் விரதத்தில் நெய் ஆகாது, வெங்காயம் ஆகும். பதினொரு வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே வெண்ணெய்தான் தாழியை உடைத்தது.

"பதினொரு வருஷம்," என்றாள் ஹிருத். குரல் ஏறியது. "இதுகூடத் தெரியாமலா அவனோடு வாழ்ந்தாய்?"

"அவன் நோன்பிலும் ஊற்றுவான். வருஷா வருஷம். எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. செத்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், அதுவும் அவன் திதியில். ஹிருத்தின் வாய் திறந்தபடியே நின்றது. தெக்லே அங்கிள் இருமினார். இருமல் இல்லை, சிரிப்பு.

"எனக்குத் தெரியும்," என்றார். "ஏழு வயதில் வெண்ணெய்ச் சட்டிக்குள் கையை விட்டு மாட்டியவன்தானே. செய்த தப்பையெல்லாம் என்னிடம் வந்து சொல்வான், அதை மட்டும் சொல்ல மாட்டான்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு ஹிருத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். நான் தாம்பாளத்தை எடுக்கக் குனிந்தேன். வெளியிலிருந்து ஏதாவது வரவழைக்கலாம், எண்ணெயில் புதிதாகப் பருப்பு தாளிக்கலாம், மணிக்கணக்கு ஆகும், அதற்குள் எழுந்து போய்விடுவார்கள். போனால் திரும்ப வர மாட்டார்கள். தென்றல் ஹிருத்தின் துணி நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தும் எனக்கு அழுகை வரவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"இந்த நெய்யை எங்கே வாங்கினாய்?" என்றார் தெக்லே அங்கிள்.

"வாங்கவில்லை. தாவித் உருக்கியது. இதுதான் கடைசி."

தாம்பாளத்தைப் பிடித்திருந்த என் கைமேல் அவர் கை விழுந்தது. "வை," என்றார். "உட்கார்."

உட்கார்ந்தேன்.

"நினைவுச் சாப்பாட்டை மிச்சம் வைத்துத் திரும்பிப் போகக் கூடாது," என்றார் மற்றவர்களைப் பார்த்து. "நமக்குத்தான் நோன்பு. இவளுக்கு இல்லை. குழந்தைக்கும் இன்னும் அந்த வயது ஆகவில்லை. நாம் சாப்பிடக் கூடாது. ஊட்டக் கூடாது என்று யார் சொன்னது?"

அவர்களிடம் குர்ஷா என்று ஒரு வழக்கம் உண்டு. பிரியமானவர்களுக்குத் தன் கையால் ஒரு வாய் உருட்டி ஊட்டுவது. கல்யாணத்தன்று எனக்கு ஊட்டி ஊட்டி மூச்சு முட்ட வைத்தார்கள். இப்போது அங்கிள் இன்ஜெராவைக் கிழித்து, மிசிரை அள்ளிச் சுருட்டி, என் வாயருகே கொண்டுவந்தார். வாயைத் திறந்தேன். அடுத்து அவர் மனைவி. அடுத்து அவர்கள் மகன், மருமகள். தென்றலுக்கும் ஊட்டினார்கள், அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். சர்ச்சில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத பெண்கள் ஒவ்வொருவராக வந்து, என் முன்னால் மண்டியிட்டு, ஒரு வாய் வைத்துவிட்டு, அவன் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அவர்கள் விரலில் ஒட்டிய நெய்யை நாக்கில் படாமல் துணியில் துடைத்துக்கொண்டார்கள்.

இப்படி வரிசையில் வந்து வாயில் இடுவதை எங்கள் ஊரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாய்க்கரிசி. தாவித்துக்கு நான் போடவில்லை, அவர்களிடம் அது கிடையாது, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது எனக்குப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். சரிதான் என்றும் தோன்றியது. ஒரு வருஷமாக இந்த வீட்டில் நடமாடியது பிணம்தானே. பதினொரு வாய் அப்படித்தான் உள்ளே போயிற்று, அட்டைப் பெட்டியாக.

ஹிருத் மட்டும் மிச்சம். அவள் எழுந்து வரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். தென்றலும் பார்த்தாள். கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, என் எதிரில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் உருட்டியதைவிடப் பெரிதாக உருட்டினாள். நான்கு குழம்பிலும் தோய்த்தாள். வாய்க்குள் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினாள். மென்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கும்வரை பார்த்தாள்.

"எப்படி இருக்கிறது?" என்றாள் மெதுவாக. "சொல். என்னால் ருசி பார்க்க முடியாது. அவன் கை நெய். எப்படி இருக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும்."

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு வருஷமாக எல்லோரிடமும் அப்படித்தானே சொன்னேன். ஆனால் இவள் கையேந்திக் கேட்கிறாள். இவளிடம் பொய் சொல்ல முடியாது. நாக்கை அண்ணத்தில் தேய்த்துத் தேடினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தொண்டை ஓரத்தில் காரம். அதன் பின்னால் நெய்யில் போட்ட அந்தப் பெரிய காயின் வாசனை, ஞாயிற்றுக்கிழமை வாசனை, அவன் சட்டைக் கையில் இருக்கும் வாசனை. அப்புறம் ஏதோ ஒன்று குறைந்தது.

"உப்பு," என்றேன். "உப்பு போடவே மறந்துவிட்டேன், ஹிருத். எதிலுமே போடவில்லை."

சொல்லி முடிக்கும்முன் அழுகை வந்துவிட்டது. சத்தமாக, அசிங்கமாக, மூக்கு ஒழுக. உப்பு போடாததற்காக அப்படி அழுதவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெண்கள் யாரும் சமாதானம் சொல்லவில்லை. கூடவே ஆரம்பித்தார்கள், சர்ச்சில் அழுத அதே பாட்டு. பாஷை தெரியாவிட்டாலும் எங்கே அவன் பெயர் வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

ஹிருத் எழுந்து சமையலறைக்குப் போனாள். அலமாரிக் கதவுகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. உப்பு டப்பாவோடு திரும்பி வந்தாள். தாம்பாளத்தில் ஒரு கை தூவி, கிளறி, இன்னொரு வாய் உருட்டினாள்.

"அழுதுகொண்டே சாப்பிடு, பரவாயில்லை," என்றாள். "வாயைத் திற."